புருவத்தில் அடி, பார்வையில் இருள்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்குப் புருவத்தில் அடி. கண்ணில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் அக்கண் இருண்டுவிடுகிறது. குளத்தூர், கீரனூர்ச் சாலைகளில் நாள்தோறும் வண்டியோட்டும் பிள்ளைகளைப் பெற்றோர் இதன் காரணத்தை அறிந்திருத்தல் நலம்.

காயம் எங்கே?

கண் கண்டதை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள அதில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உள்ளன. வழியில் அது ஒடுங்கிய எலும்புக் குழாய் ஒன்றினுள் புகுந்து செல்கிறது. புருவத்தில் விழுந்த அடியின் வேகம் எலும்பு வழியே அங்கே பாய்கிறது. நரம்பு கன்றி வீங்குகிறது; வீங்குவதற்கோ அங்கு இடமில்லை.

அறிவது எவ்வாறு?

அடிபட்டவர் நினைவோடிருந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்து விரல்களைக் காட்டிக் கேளுங்கள். மயங்கியிருப்பவருக்கு மருத்துவர் இரு கண்களிலும் மாறிமாறி ஒளியைக் காட்டி, கருமணி சுருங்கும் விதத்தைக் கொண்டு அறிவார். எலும்பு முறிவைச் சி.டி. ஸ்கேன் காட்டும்.

மருந்து உண்டா?

நீண்ட காலமாக ஸ்டீராய்டு மருந்து மிகுதியாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 133 நோயாளிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அம்மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ தெளிவான கூடுதல் பயன் புலப்படவில்லை. எச்சிகிச்சையும் பெறாதவர்களுள்ளும் சிலருக்குப் பார்வை தேறியிருந்தது. தலைக்காயமுற்ற 10,008 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே மரணம் மிகுந்ததைக் காட்டியது. எலும்புத் துண்டு நரம்பை அழுத்துமாயின் அறுவை பற்றி மருத்துவர் ஆலோசிப்பார். கன்றிய இழைகள் தேறலாம். மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே, "பார்வை நிச்சயம் திரும்பும்" என்று பணம் கேட்போரிடம் ஏமாறாதீர்கள்.

நம் கடமை

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே நடக்கட்டும். அவற்றுக்காகப் பயணம் தாமதிக்க வேண்டாம். விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

ஒரு கண் போனாலும் வாழ்வு போய்விடுவதில்லை. மன்சூர் அலிகான் பட்டோடி 1961-இல் இங்கிலாந்தில் நேர்ந்த கார் விபத்தில் கண்ணாடித் துண்டு பாய்ந்து வலக்கண் பார்வையை இழந்தார். 1962 ஜனவரியில் சென்னையில் சதமடித்தார். அவ்வாண்டே, 21 வயதில், இந்திய அணிக்குத் தலைவரானார்.

எனினும் காப்பதே மேல். தலைக்கவசம் வண்டியில் தொங்குவதற்கன்று, தலையில் இருப்பதற்கு. புருவத்தையும் மறைக்கும் முழுக் கவசத்தையே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.