சோடியம் எதையும் சும்மா கொடுப்பதில்லை

சோடியம் ஓர் உலோகம். ஆனால் கத்தியால் நறுக்கலாம், அவ்வளவு மென்மை! ஆய்வகத்தில் அதை மண்ணெண்ணெய்க்குள் மூழ்கடித்துத்தான் வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் சீறிக்கொண்டு ஓடும், தீயும் பிடிக்கும். குளோரினும் சளைத்ததல்ல. அது மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. இந்த இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது ரசத்துக்குப் போடும் உப்பு.

ஏன் சேர்கின்றன? பாடப்புத்தகம் சொல்லும் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான், குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு. எட்டு இருந்தால் நிலையாக இருக்கலாம் என்று சோடியம் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. தேர்வில் இப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஓர் இடம் இடிக்கிறதே! அணுவுக்கு ஆசை ஏது? எட்டு வரை எண்ண அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உண்மையில் சோடியம் தன் எலக்ட்ரானைத் தானாக விடாது. அதன் அணுக்கருவில் இருக்கும் 11 புரோட்டான்கள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிய்த்தெடுக்க ஆற்றல் செலவாகும். தனித்தனி அணுக்களாக இருக்கும் 23 கிராம் சோடியத்துக்கு அந்தச் செலவு 496 கிலோ ஜூல். அத்தனை எலக்ட்ரான்களையும் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோ ஜூல் திரும்ப வரும். ஆக 147 நஷ்டம். கணக்கை இத்தோடு மூடினால் உலகத்தில் உப்பே இருக்காது.

லாபம் அடுத்த கட்டத்தில் வருகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர் அயனி, பெற்ற குளோரின் எதிர் அயனி. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று ஜோடி சேர்ந்து நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு சோடியத்தையும் மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம் என ஆறு குளோரின்கள் சூழ்கின்றன. ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் அதேபோல ஆறு சோடியங்கள். இப்படி அடுக்கி முடிக்கும்போது 787 கிலோ ஜூல் வெளியேறுகிறது! அந்த நஷ்டத்தை அடைத்து, சோடியக் கட்டியை அணு அணுவாகப் பிரித்த செலவு, ஜோடியாகத் திரியும் குளோரினைப் பிரித்த செலவு எல்லாம் போக, 411 கிலோ ஜூல் மிச்சம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இதுவே தாராளம். இனி அந்த அணுக்களைப் பிரிக்க வேண்டுமானால், வெளியே போன ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிணைப்பு என்பது அவ்வளவுதான். உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

தூள் உப்பை உருப்பெருக்கியில் பாருங்கள், குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் தெரியும். உள்ளே இருக்கும் அடுக்கு எப்படிப்பட்டது என்பதை 1913-ல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டவர்கள் பிராக் என்ற தந்தையும் மகனும். ‘உப்பில் ஜோடியே கிடையாதா?’ என்று பழைய வேதியியலாளர்கள் சிலருக்கு ஒரே எரிச்சல். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1927-ல்கூட ‘நேச்சர்’ இதழில் இதைச் சதுரங்கப் பலகை என்று கேலி செய்தார். பாவம், சதுரங்கப் பலகைதான் ஜெயித்தது.

சரி, குளோரின் அணுவோடு இன்னொரு குளோரின் அணு எப்படிச் சேருகிறது? இரண்டில் எதுவும் எலக்ட்ரானை விடாது. ஆளுக்கொரு எலக்ட்ரான் நடுவில் வர, அந்த இரண்டையும் இரண்டு அணுக்கருக்களும் சேர்ந்து இழுக்கின்றன. அதனால் ஆற்றல் குறைகிறது. இதுதான் சகப்பிணைப்பு. இப்படி ஓர் எலக்ட்ரான் ஜோடியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று 1916-ல் சொன்னவர் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ்.

இப்போது செனான் வாயுவைப் பாருங்கள். அதன் வெளிக்கூட்டில் ஏற்கெனவே எட்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எதனோடும் சேராது என்று பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். கனடாவின் வான்கூவரில் இருந்த வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதை அவர் முன்பே கண்டிருந்தார். செனானிலிருந்து பிடுங்க ஆகும் செலவும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்படியானால் ஏன் நடக்காது? 1962-ல் அடர்சிவப்பு நிற ஹெக்சாஃபுளூரைடு ஆவியையும் நிறமற்ற செனானையும் கலந்தார். சூடாக்கக்கூட இல்லை. உடனே மஞ்சள் நிறத் திடப்பொருள் படிந்தது. அதே ஆண்டில் சிகாகோவுக்கு அருகே வேறொரு குழு செனானையும் ஃபுளூரினையும் சேர்த்துச் சூடாக்க, நிறமற்ற படிகங்களாக இன்னொரு சேர்மமும் கிடைத்தது.