ஸ்பானியத் தொடக்கத்திற் பரிமாற்ற முறை

சதுரங்கம் பயிலும் மாணவர் பலர் தொடக்க நகர்வுகளை வாய்பாடு போல மனனஞ் செய்வர். எதிரி நூலில் இல்லாத நகர்வொன்றைச் செய்தவுடன் அம்மனனம் பயனற்றுப் போகின்றது. ஒரு தொடக்கத்தை அறிதலாவது, அது ஆட்டத்தை எத்தகைய முடிவை நோக்கிச் செலுத்துகின்றது என்பதை அறிதலேயாம். இதற்கு ஸ்பானியத் தொடக்கத்தின் பரிமாற்ற முறை தக்க எடுத்துக்காட்டாகும்.

1561 ஆம் ஆண்டிற் சதுரங்க நூலொன்றை வெளியிட்ட ஸ்பானியக் குருவாகிய றூய் லோபெஸ் என்பாரின் பெயராலும் இத்தொடக்கம் வழங்கும். இரு பக்கத்தாரும் அரசன் முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்துவர். வெள்ளைக் குதிரை கறுப்புக் காலாளைத் தாக்க, கறுப்புக் குதிரை அதனைக் காக்கும். மூலைவாட்டிற் செல்லும் வெள்ளை மந்திரி அக்காவற் குதிரையைத் தாக்கும். கறுப்பு தன் ஓரக் காலாளை நகர்த்தி மந்திரியை அச்சுறுத்தும். மந்திரி பின்வாங்காது குதிரையை வெட்ட, அரசி முன்னுள்ள காலாள் மந்திரியை வெட்டும். இதுவே பரிமாற்ற முறை.

காவல் நீங்கிய காலாளை வெள்ளை உடனே கவர்ந்தால், கறுப்பு அரசி நடுவே வந்து குதிரையையும் காலாளையும் ஒருங்கே தாக்கி, இழந்ததை மீட்கும். எனவே வெள்ளையின் ஆதாயம் பிறிதோரிடத்தது. வெள்ளை தன் அரசி முன்னுள்ள காலாளை இரு கட்டஞ் செலுத்தி, அதனைக் கறுப்பின் நடுக்காலாளுக்கு ஈடாக மாற்றியபின் காலாள்களை எண்ணுக. அரசன் பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு, கறுப்புக்கு மூன்று. அரசி பக்கத்தில் வெள்ளைக்கு மூன்று, கறுப்புக்கு நான்கு. எண் சமமே, வலிமை சமமன்று. கறுப்பின் நான்கனுள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்றலின், அவை தடையற்ற காலாளொன்றைத் தோற்றுவித்தல் அரிது. வெள்ளையின் நான்குக்கோ அஃது எளிது. அரசரும் காலாள்களுமே எஞ்சின், வெற்றி பெரும்பாலும் வெள்ளைக்கே.

அங்ஙனமாயின் கறுப்புக்கு யாது கைம்மாறு? இரு மந்திரிகளும் அதன் கையில் உள. திறந்த களத்தில் அவை இரு நிறக் கட்டங்களையும் ஆளும். ஆகவே வெள்ளை காய்களை மாற்ற விழையும். கறுப்பு மந்திரிகளைப் பேணிக் களத்தைத் திறக்க விழையும்.

1914 இற் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில், புள்ளியில் முன்னின்ற கப்பபிளாங்காவை வென்றே தீரவேண்டிய நிலையில் உலக வீரர் லஸ்கர் இம்முறையையே கையாண்டார். பன்னிரண்டாம் நகர்வில், அரசன் பக்க மந்திரிக்குரிய காலாளை ஐந்தாம் வரிசைக்குச் செலுத்தினார். அது தம் நடுக்காலாளைப் பின்தங்கச் செய்யினும், பகை மந்திரியொன்றின் வழியை அடைத்தது. குதிரைக்கு ஆறாம் வரிசையில் உறுதியான இருக்கையும் தந்தது. பின்னர் மந்திரிகள் மாற்றப்பட்டபோது கறுப்பின் இரட்டைக் காலாட் குறை நீங்கியது. ஆயின் அதன் மந்திரி இணையும் அழிந்தது. பதினாறாம் நகர்விற் குதிரை அவ்விருக்கையில் அமர்ந்தது. 42 ஆம் நகர்வில் லஸ்கர் வென்றார். ஓர் ஆதாயத்தை விடுத்து அதனிற் பெரியதைக் கொள்ளலாம் என்பதை இவ்வாட்டம் காட்டும்.

1966 இல் ஹவானா ஒலிம்பியாட்டிற் பிஷர் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தார். அவர் முதலிற் கோட்டை கட்டினார். அதன்பின் நடுக்காலாளைக் கவரும் அச்சுறுத்தல் மெய்யாயிற்று; அதனை மீட்க வரும் கறுப்பு அரசியைக் கோட்டை அதன் அரசனோடு ஒரே நேர்கோட்டிற் பிணித்துவிடும். போர்ட்டிஷ், கிளிகோரிச் ஆகியோரை அவர் இவ்வாறு ஆடி வென்றார்.

எனவே மாணவர், ஒரு காயை மாற்றுமுன் “யாது போகின்றது?” என வினவுவதோடு அமையாது, “யாது எஞ்சும்?” எனவும் வினவுதல் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு விடை காண்பவர், நூலில் இல்லாத நகர்வு எதிர்ப்படினும் வழி தவறார்.