உடுப்போடு வரும் ஆபத்து

1986 ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபில் அணுமின் நிலையத்தின் 4-ஆம் உலை வெடித்த சில நிமிடங்களில் தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. கூரையில் தார் எரிந்துகொண்டிருந்தது. காலடியில் கிடந்த கரிய கட்டிகள் உலைக்குள்ளிருந்து சிதறிய கிராஃபைட் என்பது பலருக்கும் தெரியவில்லை. வழக்கமான தீயணைப்பு உடுப்போடு ஏறி, விடிவதற்குள் கூரைத் தீயை அணைத்தார்கள். அந்த விபத்தில் கடும் கதிர்வீச்சு நோய் கண்டவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். இறந்தவர்களில் 6 பேர் தீயணைப்பு வீரர்கள்.

கதிர் வேறு, தூசு வேறு

காமா கதிரைத் தீயணைப்பு உடுப்பு தடுக்காது. ஆனால் விலகி வந்தால் அதன் தாக்குதல் அங்கேயே நின்றுவிடும். கதிரியக்கத் தூசு அப்படியல்ல. உடையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும், மூச்சோடு உள்ளே போனால் உடம்பிலேயே தங்கும். செர்னோபிலில் தூசு படிந்து நனைந்த உடை மேலோடு ஒட்டியதில், பீட்டா கதிர் தோலை வேகவைத்தது. இறந்தவர்களில் பலருக்கு எமனானவை அந்தப் புண்கள்தாம். அருகிலிருந்த பிரிப்யாத் நகர மருத்துவமனையின் நிலவறையில் கழற்றிப் போட்ட உடுப்புகள் பல பத்தாண்டுகள் கழித்தும் கதிர்வீசிக்கொண்டிருந்தன.

களத்தில்

அணுமின் நிலையத்தில்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய் மருத்துவமனை, வெல்டிங் சோதிக்கும் கூடம், ஏன், காயலான் கடையிலும் இருக்கலாம். தில்லி மாயாபுரியில் 2010-ல் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் சிக்கியது அப்படித்தான்.

காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். சுவாசக் கருவியைக் கழற்றவே கூடாது. 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்ந்தாலே சிறு கதிர்வீச்சு மூலத்தின் தாக்கம் கால்பங்காகும். ஆளை மாற்றி மாற்றி அனுப்பினால் ஒருவர்மேல் படும் அளவு குறையும். மார்பில் கதிரை அளக்கும் டோசிமீட்டர் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பதை நான் விலக்கில்லாத விதியாகவே வைப்பேன். வெளியே வந்ததும் மேலுடுப்பைக் கழற்றிப் பையில் கட்டினாலே ஒட்டிய தூசில் பெரும்பகுதி போய்விடும். குளித்த பிறகுதான் தண்ணீர், பீடி, சாப்பாடு எல்லாம்.

அறியாத பொருளை அள்ளாதீர்

1987-ல் பிரேசிலின் கொய்யானியாவில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளியேறி 4 பேர் இறந்தனர். மிஞ்சிய மூலத்தை ஆற்றில் எறிந்துவிடத் தீயணைப்புப் படை தயாரானது. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த இயற்பியலாளர் ஒருவர் தடுத்துவிட்டார். நல்லெண்ணம்தான், ஆனால் ஆறே கெட்டிருக்கும். தொடாமல், வளைத்துக் கட்டி, நிபுணரை அழைப்பதே வேலை.

வாந்தி நின்றால் குணமில்லை

அதிகக் கதிர் பட்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தி வரும்; எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு மோசம். பிறகு சில நாட்களோ வாரங்களோ தெம்பாக இருப்பார். அதற்குள் எலும்பு மஜ்ஜை செத்துக்கொண்டிருக்கும். ஆகவே ரத்தத்தில் லிம்போசைட் எனும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்தே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அயோடின் மாத்திரை கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும். காமா கதிருக்கோ சீசியத்துக்கோ அது மருந்தில்லை.