மரச்சாமான் சுமக்கப் பழைய வண்டி கொள்ளல்

கல்லூரி ஆண்டிதழின் தமிழ்ப் பகுதியிலே பழைய மோட்டார் வண்டியைப் பற்றிய கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்குமுன் எம் நிலையைச் சிறிது கேட்டருள்க.

எம் தந்தையார் பாளையங்கோட்டையில் ஒரு சிறு தச்சுப் பட்டறை நடத்துபவர். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை முதலியவற்றைச் செய்து திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கங்களிலுள்ள வீடுகளுக்கு அனுப்பிவருகிறார். இதுகாறும் வாடகை வண்டியே துணையாக இருந்தது. சென்ற ஐப்பசியில் ஒரு திருமண வீட்டிற்குப் புறப்பட்ட தேக்கு அலமாரி, வழியில் மழையில் நனைந்து மெருகு வெளுத்து, கண்ணாடியும் உடைந்து போய்ச் சேர்ந்தது. பெண்வீட்டார் அதனை ஏற்கவில்லை. இரண்டு திங்கள் உழைப்பு ஒரு பிற்பகலில் போயிற்று. அன்றிரவே சொந்த வண்டி வாங்குவதென்று முடிவாயிற்று. புதியது வாங்கப் பொருளில்லை. கையிலிருந்த இரண்டரை லட்சம் ரூபாயும் எம் தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்கென ஒதுக்கியிருந்த பணத்தை உள்ளிட்டதே. ஆதலின், தொல்காப்பியம் பயிலும் யாமும் தந்தையாரோடு ஊர் ஊராகச் சென்று வண்டி இலக்கணம் பயில நேர்ந்தது.

முதலில் யாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகின்றோம். எத்துணை எடை சுமக்கும் என்பதையே எல்லா வண்டிக்கும் கேட்டுக்கொண்டு திரிந்தோம். மரச்சாமான் தொழிலுக்கு அது தலையாய வினா அன்று. நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 650 கிலோ எடையுடையது. ஒரு கட்டிலில் அதன் ஐந்திலொரு பங்கு மரம் இருப்பதே மிகை. ஆகவே கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி மேசை மூன்றையும் ஏற்றினாலும் சிறிய வண்டி தாங்கும் எடைக்குள்ளேயே நிற்கும். ஆனால், எடை நிறையுமுன் இடம் நிறைந்துவிடும். செங்கல் சுமப்பவன் எடையைக் கேட்க வேண்டும். கட்டில் சுமப்பவன் அளவுநாடாவை எடுத்துச்செல்ல வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். டாட்டா நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ஏஸ் என்னும் வண்டியை நம் நாட்டார் ‘குட்டி யானை’ என்று வழங்குகின்றனர். (இஃது உவமையாகுபெயர் என்பதை எம் வகுப்புத் தோழர்க்கு நினைவூட்டுகின்றோம்.) முதலில் வந்த ஏஸ் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு 750 கிலோ சுமக்க வல்லதாக இருந்தது. எடைக் கணக்கில் எமக்கு அது போதும். ஆனால் அதன் சுமைத்தட்டு, அதாவது பட்டறைக்காரர் ‘பாடி’ என்பது, 2200 மில்லிமீட்டர் நீளமும் 1490 மில்லிமீட்டர் அகலமும் உடையது. நம் கணக்கில் ஏழடி இரண்டரை அங்குலமும், நாலடி பத்தரை அங்குலமும் ஆகும். ஐந்தடி அகலக் கட்டிலின் தலைப்பலகை ஓர் அங்குலச் சொச்சத்தால் அதனுட் படுக்க மறுக்கின்றது! எட்டடி ஒட்டுப்பலகை பின்கதவுக்கு வெளியே நீண்டுவிடுகின்றது. கதவைத் திறந்து கயிற்றாற் கட்டிச் செல்லலாமே என்பர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, வரம்புக்கு மீறி வண்டிக்கு வெளியே சுமை நீட்டிச் செல்லுதற்கு 20,000 ரூபாய் தண்டம் விதிக்கலாகும். ஒரு கட்டில் விற்ற ஊதியம் அதனை ஈடுசெய்யாது.

2011-இல் அசோக் லேலண்டு வெளியிட்ட தோஸ்த் என்னும் வண்டியின் பாடியோ 2500 மில்லிமீட்டருக்கு 1620 மில்லிமீட்டர். எட்டடிப் பலகையும் ஐந்தடித் தலைப்பலகையும் அதனுள் அடங்கும். 2016-இல் வந்த மாருதி சூப்பர் கேரி அளவில் ஏஸை ஒத்ததே. மகிந்திராவின் பொலிரோ பிக்கப் இவற்றினும் பெரியது. எனினும் பழைய விலையிலும் எம் கைக்கு எட்டவில்லை. ஈண்டுத் தந்த அளவுகள் தொழிற்சாலையிலிருந்து வந்த பாடிக்கே உரியன. பழைய வண்டிகள் பலவற்றில் பாடி மாற்றப்பட்டிருக்குமாதலின், நேரில் அளந்தே துணிதல் வேண்டும்.

நிற்க. இனிப் பழைய வண்டியின் நலந்தீங்கு அறியுமாறு. எமக்கு வழிகாட்டிய மெக்கானிக் ஒருவர் முதல் நாளே எம் தந்தையாரிடம், “அண்ணாச்சி, எஞ்சினைச் சரிபண்ணிரலாம், சேஸ் உளுத்துப்போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. வண்டி இதுவரை எதைச் சுமந்துச்சுன்னு முதல்ல கேளுங்க” என்றார். யாம் கற்றவற்றுள் இதனினும் பயனுடையது பிறிதில்லை.

தூத்துக்குடியில் யாம் கண்ட முதல் வண்டி புதுப்பெண்போல் விளங்கியது. நீல வண்ணம் பளபளத்தது. இருக்கைக்குப் புதிய உறை இட்டிருந்தனர். ஆயினும் அது உப்பளத்தில் உப்பு மூட்டை சுமந்த வண்டி. மெக்கானிக் அடியிற் படுத்து, திருப்புளியால் சேஸைத் தட்டினார். நல்ல இரும்பு ‘டண்’ என்னும். இதுவோ ‘பொத்’ என்றது. வண்ணத்தின் கீழே இரும்பு ஏடேடாக உரிந்தது. மீன் சுமந்த வண்டிக்கும் இதே குற்றம் உண்டு. அன்றியும் அதன் நாற்றம் பலகையில் ஊறி, பின்னர் ஏற்றும் மெத்தையிலும் சோபாவிலும் பற்றும். எத்தனை முறை கழுவினாலும் போகாது.

இரண்டாவது வண்டி மணலும் செங்கல்லும் சுமந்தது. அதன் பின்சக்கரத்து ஸ்பிரிங் பிளேட்டுகளை நோக்கினோம். சுமையற்ற நிலையில் அவை வில்போல் வளைந்து நிற்றல் வேண்டும். இதில் நேராகிக் கிடந்தன. மேலும், தொழிற்சாலை வைத்ததற்கு மேல் இரண்டு பிளேட்டுகள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தன. அளவுக்கு மிஞ்சிச் சுமந்தமைக்கு வேறு சான்று வேண்டா. அத்தகைய வண்டி மரச்சாமானுக்கு மற்றொரு வகையாலும் ஆகாது: கூடுதல் பிளேட்டால் விறைத்த வண்டி, குறைந்த சுமையோடு ஓடுங்கால் துள்ளும். செங்கல் துள்ளினால் இழப்பில்லை. கண்ணாடி துள்ளினால் என்னாகும் என்பதை யாம் முன்னரே அறிந்திருந்தோம்.

எஞ்சினைப் பார்க்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே போதல் வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பாராயின் ஐயுறுக. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை தண்ணீர் உட்புகுவதையோ டீசல் எரியாது கழிவதையோ காட்டும். கரும்புகை பெரும்பாலும் காற்று வடிகட்டியும் டீசல் தெளிப்பானும் பழுதானதால் எழுவது, செலவு குறைந்தது. கிலோமீட்டர் காட்டும் எண்ணை நம்பற்க. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருக்க, எண் மட்டும் நாற்பதாயிரம் என்று காட்டினால் எதனை நம்புவது? எம்போல் வாரத்திற்கு நான்கைந்து நடை ஓடுவோர்க்கு டீசலா பெட்ரோலா என்பது பெரிய வினா அன்று. ஓட்டம் குறைவாதலின் எரிபொருட் செலவின் வேறுபாடும் குறைவே.

இனி ஏடுகள். இப்பகுதி சுவையற்றதேனும் பணம் இழப்பவர் பலர் இங்கேதான் இழக்கின்றனர். ஆர்.சி.யிலுள்ள சேஸ் எண்ணை இரும்பிற் பொறித்த எண்ணோடு ஒப்பிடுக. அதில் நிதிநிறுவனத்தின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்த சான்றும் 35-ஆம் படிவமும் வராமல் ஒரு ரூபாயும் தரலாகாது. பெயர் மாற்றத்திற்கு 29, 30 ஆகிய படிவங்கள் வேண்டும். வாங்கியவர் 30 நாளைக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவித்தல் கடன். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எட்டாண்டு வரையுள்ள சரக்கு வண்டிக்கு ஈராண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆகவே பத்தாண்டு வண்டி வாங்குவோர் ஆண்டுதோறும் அச்செலவு வருமென அறிக. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டுவதில்லை; பெரிய பிக்கப் வண்டிகளுள் சில இவ்வெல்லையைத் தாண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி எம் தந்தையார்க்கு அச்சமிருந்தது. கார் ஓட்டும் உரிமமே 7500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்ததும், அதனை 2024 நவம்பரில் அரசியலமைப்பு ஆயம் உறுதிசெய்ததும் அவ்வச்சத்தைப் போக்கின.

மூன்றாவதாகக் கண்டது, ரொட்டிக் கடை ஒன்றிற்கு ஓடிய தோஸ்த். வண்ணம் மங்கியிருந்தது, முன்பக்கம் ஒரு நெளிவு. தந்தையார் முதலில் அதனை ஏறிட்டும் பாரார். ஆனால் ரொட்டியினும் எளிய சுமை யாது? ஸ்பிரிங் பிளேட்டுகள் வளைவு குன்றாமல் இருந்தன. சேஸ் ‘டண்’ என்றது. தெருத்தெருவாய் நின்று நின்று ஓடியதால் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருந்தன. அவை மாற்றத்தக்கவை, அச்செலவை விலையிற் குறைத்தோம். எல்லாவற்றினும் மேலாக அது மூடிய பாடி. ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் தேட வேண்டா. அம்மூடிய பாடி ஆர்.சி.யிலும் முறைப்படி பதிவாகியிருந்தது.

யாம் அளவுநாடாவை விரித்தோம். உள்ளே அகலம் ஐந்தடி ஓரங்குலம். கதவுச் சட்டத்தின் இடைவெளியோ நாலடி ஒன்பதங்குலமே. தந்தையார் முகம் வாடியது. பின், சிறிது நேரம் கதவருகே நின்று, கைகளால் காற்றிலே ஒரு தலைப்பலகையைப் பிடிப்பவர்போல் பிடித்து, சாய்த்து, உள்ளே செலுத்திப் பார்த்தார். “போயிரும்” என்றார்.

பெயர் மாற்றம் முடிந்து, கிளச்சு மாற்றி, உட்சுவரெங்கும் பழைய போர்வைகளை ஆணியடித்தபின், முதல் நடையாகத் தென்காசிக்கு ஓர் அலமாரி போயிற்று. ஆலங்குளம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. யாம் உடன் சென்றிருந்தோம். இறக்குமுன் தந்தையார் அலமாரியின் கண்ணாடியைத் தம் துண்டாலே துடைத்தார், துண்டில் ஈரமில்லை.