பட்டியில் புகும் நாய்கள்: விஷம் வைத்தால் தீராது, ஊர் கூடினால் குறையும்

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் சில ஆண்டுகளாகத் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து செம்மறி ஆடுகளைக் கடித்துக் கொன்று வருகின்றன. இறந்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் இறங்கிப் போராடியதும் நடந்தது. இந்தப் பகுதியில் பாதிப்பு கூடுதலாக இருக்க ஒரு காரணம் உண்டு. கொறங்காட்டு மேய்ச்சலில் முள்கிளுவை வேலிக்குள் ஆடுகளை விட்டு, படலை அடைத்துவிட்டு வந்துவிடுவோம். வேலி ஆட்டை வெளியே விடாது. ஆனால் அடியில் உள்ள சந்து நாயை உள்ளே விட்டுவிடும்.

இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் நம் தோட்டங்களிலிருந்துதான். நாய் குட்டி போட்டால் ஆண் குட்டியை வைத்துக்கொண்டு, பெண் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கமோ கறிக்கடைப் பக்கமோ விட்டுவிடுகிறோம். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாட்கள். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். விட்ட குட்டிகளில் ஒன்றிரண்டு பிழைத்தாலே போதும், சில ஆண்டுகளில் ஒரு கூட்டம் உருவாகிவிடும். கோழிக்கழிவும், பண்ணையில் செத்து வெளியே வீசப்படும் கோழிகளும் அந்தக் கூட்டத்துக்குத் தீனி. செத்த ஆட்டை ஓடையில் வீசுவதும் அப்படித்தான். ஆட்டுக்கறியின் ருசியை நாமே பழக்கிவிடுகிறோம்.

விஷம் வைப்பது பற்றி

கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஆட்டை இழந்தவரின் கோபம் நியாயமானதுதான். ஆனால் விஷம் வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பட்டினி கிடக்கும்படி நாயைக் கைவிடுவதும் அதே சட்டத்தில் குற்றம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சட்டத்தை விடுங்கள், பலனைப் பாருங்கள். பத்து நாய்கள் செத்தாலும் கழிவு அங்கேயே கிடக்கிறது. பக்கத்து ஊர் நாய்கள் அந்த இடத்துக்கு வரும். மிஞ்சிய நாய்களின் குட்டிகளும் நல்ல தீனியில் பிழைத்துக்கொள்ளும். இடையில் மயிலும் காக்கையும் உங்கள் காவல் நாயும் செத்திருக்கும்.

பலன் தருவது கருத்தடையும் தடுப்பூசியும்தான். ஓர் ஊரின் நாய்களில் சுமார் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது நிற்கும். கருத்தடையையும் அதே அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி நாய்களுக்கு இன்று, மீதிக்கு அடுத்த ஆண்டு என்று இழுத்தால் குட்டிகள் முந்திக்கொள்ளும். பக்கத்து ஊர்களும் சேர்ந்து செய்வது நல்லது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஆகவே கிராம சபையில் மனு கொடுத்து, கருத்தடை முகாம், கறிக்கடைக் கழிவுக்கு மூடிய குழி ஆகிய இரண்டையும் தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது.

முகாம் தோற்பது பெரும்பாலும் நாயைப் பிடிக்க முடியாததால்தான். வலையோடு வண்டி வந்ததும் நாய்கள் காட்டுக்குள் ஓடிவிடும். எந்த வீட்டு அம்மா தினமும் மிச்சச் சோறு வைக்கிறாரோ, அவர் கூப்பிட்டால் அதே நாய் வாலாட்டிக்கொண்டு வரும். ஆனால் நம் கூட்டங்களுக்கு வருவது ஆட்டை இழந்த ஆண்கள் மட்டும். சோறு வைப்பவர்கள் திட்டு விழுமோ என்று வருவதே இல்லை. அவர்களை மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் எத்தனை நாய், எது சினை என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் முகாமின் பாதி வேலை அந்த நோட்டிலேயே முடிந்துவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருத்தடை செய்த நாயும் ஆட்டைத் துரத்தும். எண்ணிக்கை குறையச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை இரவில் ஆடுகளை வீட்டுக்கு அருகே அடையுங்கள். வேலியின் அடிப்பகுதியில் கம்பிவலை கட்டி, அதன் ஓரத்தை மண்ணில் புதையுங்கள்.

கடிபட்டால்

ஆடு, மாடு கடிபட்டால் காயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். கடிபட்ட ஆட்டை அறுத்துக் கறி போட வேண்டாம். இறந்த ஆட்டைப் படம் எடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கி, ஆழமாகப் புதையுங்கள். இழப்பீடு கேட்க அந்தச் சான்று வேண்டும்.

மாடு எச்சில் ஒழுக்கி, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் கரகரத்துக் கத்தினால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். மனிதருக்கு அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நாய் கீறினாலும் திட்டுவார்களோ என்று மறைக்கக் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கு ஊசி இலவசம். மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளில் எல்லா ஊசியையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.