அசல் சில்லா, போலிச் சில்லா? - சோதனைக்கூடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கணினி ஒன்றின் மூடியைத் திறந்து பார்த்ததுண்டா?

பச்சை அட்டையில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லுகளின் மேல் பொடி எழுத்துகள் தெரியும். நிறுவனத்தின் சின்னம், பாகத்தின் எண், அது தயாரான காலம் எல்லாம் அதில் இருக்கும். 1423 என்று இருந்தால் பெரும்பாலும் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் என்று பொருள். சிலவற்றில் 'மலேசியா', 'சிங்கப்பூர்' என்றுகூட அச்சிட்டிருக்கும்.

அந்த எழுத்தை நம்பித்தான் சில்லை வாங்குகிறார்கள். எழுத்தே பொய்யாக இருந்தால்?

வீட்டு வானொலி என்றால் பரவாயில்லை. கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். விமானம், ஏவுகணை, உயிர்காக்கும் மருத்துவக் கருவி என்றால் அப்படி விட்டுவிட முடியுமா?

பிரச்சினை எவ்வளவு பெரியது?

2012ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க செனட் சபையின் ராணுவக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009, 2010 ஆகிய இரண்டே ஆண்டுகளில், போலி என்று சந்தேகிக்கப்படும் பாகங்கள் தொடர்பில் சுமார் 1,800 சம்பவங்கள் அதில் இடம்பெற்றன. பாகங்களின் மொத்த எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் மேல்.

அவை போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள்:

- அமெரிக்கக் கடற்படை ஹெலிகாப்டர்களின் இரவுநேரப் பார்வைக் கருவி. அது வேலை செய்யாவிட்டால் ஹெலிகாப்டரால் ஏவுகணையைக் குறிபார்த்துப் பாய்ச்ச முடியாது.
- சரக்கு விமானங்களில் விமானிக்குத் தகவல் காட்டும் திரைகள்.
- 'தாட்' ஏவுகணைத் தற்காப்பு முறையின் கணினிகள். அவற்றைச் சரிசெய்ய மட்டும் ஏறக்குறைய 27 லட்சம் அமெரிக்க டாலர் செலவானது.

அதே ஆண்டு அமெரிக்க அரசாங்கப் பொறுப்பாண்மை அலுவலகம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அது கற்பனை நிறுவனம் ஒன்றின் பெயரில் இணையத்தில் 16 பாகங்களை வாங்கியது. அவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சில பாகங்களின் எண்களை அலுவலகமே இட்டுக்கட்டியிருந்தது. அப்படி ஒரு பாகம் உலகத்திலேயே கிடையாது. ஆனாலும் "இருக்கு, அனுப்புறோம்" என்று விற்பனையாளர்கள் அனுப்பிவைத்தார்கள்!

எங்கிருந்து வருகின்றன?

போலி என்றதும் ரகசியத் தொழிற்சாலை ஒன்று நினைவுக்கு வரலாம். பெரும்பாலும் கதை அப்படி இல்லை. அது தொடங்கும் இடம் குப்பை.

தூக்கியெறியப்பட்ட கணினிகளின் அட்டைகளைச் சூடுபடுத்திச் சில்லுகளைக் கழற்றுகிறார்கள். கழுவிக் காயவைக்கிறார்கள். மேலிருக்கும் எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதன்மேல் கறுப்புப் பூச்சு பூசுகிறார்கள். பிறகு புது எண், புதுத் தேதி அச்சாகிறது. சாதாரணச் சில்லு 'ராணுவத் தரம்' ஆகிவிடுகிறது. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் உள்ள குய்யூ நகரம் இத்தகைய மின்னணுக் கழிவுக்கு நீண்டகாலம் பெயர்போனது.

இதை ஏன் வாங்குகிறார்கள்? ஒரு விமானம் 30, 40 ஆண்டுகள் பறக்கும். அதில் இருக்கும் சில்லின் உற்பத்தியோ சில ஆண்டுகளில் நின்றுவிடும். பழுது பார்க்க அதே சில்லு வேண்டும், செய்த நிறுவனத்திடம் இல்லை. இடைத்தரகரைத் தேடிப் போகிறார்கள். ஹெலிகாப்டர் விவகாரத்தில் பாகங்கள் வியாபாரிகள் பலரின் கைமாறித்தான் வந்தன. தடத்தைப் பின்தொடர்ந்தபோது அது சீனாவின் ஷென்ஜன் நகருக்குப் போனது.

சோதனைக்கூடத்தில் என்ன செய்வார்கள்?

போலிகளைச் சோதிப்பதற்கென்றே 'ஏஎஸ் 6171' என்ற அனைத்துலகத் தரநிலை உள்ளது. சோதனைகள் எளிதானவற்றில் தொடங்கிக் கடினமானவற்றுக்குப் போகும்.

1. கண்ணால் பார்ப்பது. முதலில் காகிதங்களும் பெட்டியும். தேதிக் குறியீடும் ஆவணமும் ஒத்துப்போகின்றனவா? உற்பத்தி நின்ற பிறகு வரும் தேதி அச்சிட்டிருக்கிறதா? பிறகு நுண்ணோக்கி. தேய்த்த கோடுகள், பூச்சு நிரம்பிய குழிகள், ஏற்கெனவே பற்றவைத்த கால்கள் அதில் தெரியும்.

2. துடைத்துப் பார்ப்பது. பஞ்சில் அசிட்டோனைத் தொட்டுச் சில்லின் முதுகைத் துடைப்பார்கள். நகப்பூச்சை அகற்றுவோமே, அதே திரவம்தான். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் சந்தேகம் வலுக்கும். போலி செய்கிறவர்கள் அசிட்டோனுக்குக் கரையாத பூச்சுக்கு மாறினார்கள். சோதனைக்கூடங்களும் இன்னும் வீரியமான, சூடாக்கிய கரைப்பான்களுக்கு மாறின.

3. எக்ஸ்ரே. சில்லை உடைக்காமலேயே உள்ளே பார்க்கலாம். சிலிக்கான் துண்டின் அளவு, அதைக் கால்களுடன் இணைக்கும் மெல்லிய கம்பிகளின் அமைப்பு ஆகியவற்றை அசல் என்று உறுதியான மாதிரியுடன் ஒப்பிடுவார்கள். ஒரே பெட்டியில் வந்த சில்லுகள் உள்ளே வெவ்வேறு மாதிரி இருந்தால், அவை பல இடங்களில் பொறுக்கியவையாக இருக்கலாம்.

4. உலோகச் சோதனை. இன்னொரு வகை எக்ஸ்ரே கருவி, கால்களின் பூச்சில் என்ன உலோகம் இருக்கிறது என்று சொல்லும். நாம் வாங்கும் சாதனங்களில் ஈயத்தைத் தவிர்க்கிறார்கள். ராணுவ, விண்வெளிப் பாகங்களில் வெள்ளீயத்துடன் கொஞ்சம் ஈயம் வேண்டும். தூய வெள்ளீயத்திலிருந்து முடிபோன்ற நுண்ணிழைகள் முளைத்து மின்கசிவை உண்டாக்கலாம் என்பதே காரணம். ஈயம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், ஏதோ தவறு.

5. ஒலியால் பார்ப்பது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியலைகளைச் செலுத்தி உள்ளே அடுக்குகள் பிரிந்துள்ளனவா என்று பார்ப்பார்கள். அதிகச் சூட்டில் பிடுங்கிய சில்லு இங்கே சிக்கலாம்.

6. திறந்து பார்ப்பது. அமிலத்தால் மேல் உறையைக் கரைத்தால் சிலிக்கான் துண்டு தெரியும். அதன்மேல் உற்பத்தியாளர் பொறித்த பெயரோ சின்னமோ இருக்கும். வெளியே ஒரு பெயர், உள்ளே வேறு பெயர் என்றால் சந்தேகம் வலுக்கும்.

7. ஓட்டிப் பார்ப்பது. மின்சாரம் கொடுத்து வேலை வாங்குவார்கள். சாதாரணச் சில்லு வழக்கமாக 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ராணுவத் தரச் சில்லு கழிவு 55 முதல் 125 டிகிரி வரை தாங்கவேண்டும். அறை வெப்பத்தில் நன்றாக ஓடும் சில்லின் பொய், குளிரூட்டும்போதும் சூடாக்கும்போதும் வெளிப்படலாம்.

அப்படின்னா எல்லாப் போலியும் சிக்கிவிடுமா?

இல்லை.

முதல் சிக்கல், அமிலத்தில் திறந்த சில்லை மறுபடி பயன்படுத்த முடியாது. அதனால் 1,000 சில்லுகள் வந்தால் சிலவற்றை மட்டுமே திறக்க முடியும். அசலும் போலியும் கலந்த பெட்டியில், திறந்தவை எல்லாம் அசலாகவே அமைந்துவிடலாம்.

இரண்டாவது சிக்கல், பழைய சில்லு 'அசல்' சில்லும்கூட. சின்னம் சரி, சிலிக்கான் சரி, இன்றைய சோதனையில் தேர்ச்சியும் பெறும். ஆனால் அதன் ஆயுளில் பாதி ஏற்கெனவே வேறெங்கோ கழிந்திருக்கலாம். அது எப்போது செயலிழக்கும் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

மூன்றாவது, நகல் சில்லு. 2014இல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சில்லுகளுக்கு நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப்போலவே வேலை செய்யும் நகல்கள் மலிவு விலைச் சாதனங்களில் பரவியிருந்தன. நிறுவனம் வெளியிட்ட புதிய மென்பொருள், விண்டோஸ் மேம்பாட்டின் வழியாக வந்து நகல் சில்லுகளை முடக்கியது. தாங்கள் வாங்கியது நகல் என்றே பலருக்குத் தெரியாது. கடும் எதிர்ப்பு கிளம்பவே அந்த மென்பொருள் மீட்டுக்கொள்ளப்பட்டது.

வேறு என்ன வழி?

உற்பத்தியாளரிடமோ அவரது அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடமோ வாங்குவதே முதல் பாதுகாப்பு. உற்பத்தி நிற்கப்போகும் சில்லை முன்கூட்டியே வாங்கிச் சேமிப்பதும் உதவும். அமெரிக்கா 2011 இறுதியில் நிறைவேற்றிய சட்டம், போலிப் பாகத்தை மாற்றும் செலவை ராணுவத்துக்கு விற்ற நிறுவனத்தின் தலையிலேயே கட்டியது. அதன் பிறகு, யாரிடம் வாங்குகிறோம் என்று பார்க்காமல் இருக்க அந்த நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இதில் நமக்கு என்ன?

இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, நம் பெயர். இன்டெல் நிறுவனம் 1972இலேயே பினாங்கில் சில்லுகளைப் பொருத்தத் தொடங்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் உலகச் சில்லுத் துறையில் முக்கிய இடம் வகிக்கின்றன. இங்கே நேர்மையாகச் செய்யப்பட்ட சில்லின் பெயரைத்தான் போலிகள் திருடுகின்றன.

இரண்டு, நம் குப்பை. சிங்கப்பூரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. அதை முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்யும் பொறுப்பை 2021 ஜூலை முதல் உற்பத்தியாளர்களும் ஏற்கவேண்டும். அதற்கான தொட்டிகளைக் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் பார்க்கலாம்.

உங்கள் மேசை இழுவையில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியிலும் கணினியிலும் சில்லுகள் இருக்கின்றன. அவற்றை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள்.