துபாய்க்கு குடும்பத்தோட போறீங்களா? குழந்தைக்கு ஸ்கூல் தேடும் முன் இதை யோசிச்சீங்களா?

துபாய்ல வேலை கிடைச்சாச்சு, விசா ரெடி, குடும்பத்தையும் அழைச்சுட்டுப் போகணும். வீடு கூட ஒரு வாரத்துல பார்த்துடலாம். ஆனா குழந்தைக்கு ஸ்கூல் தேட ஆரம்பிச்சா பல பெற்றோருக்கும் தலை சுத்திடுது. அங்குள்ள அரசுப் பள்ளிகள் முக்கியமா அந்நாட்டு மக்களுக்கானவை. நம்ம பிள்ளைகளுக்கு தனியார் பள்ளிதான் வழி. அதுல எதை எடுப்பது?

முதல்ல ஒரு விஷயம். 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்ற பெயரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. நம்ம ஊர் பைபாஸ் ரோட்டுல இருக்குற இன்டர்நேஷனல் ஸ்கூலுக்குள்ள போனா சிபிஎஸ்இ தானே நடக்குது? அங்கேயும் அப்படித்தான். பார்க்க வேண்டியது பாடத்திட்டம். சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, பிரிட்டிஷ், அமெரிக்கன், ஐபி என எல்லாமே துபாயில் உண்டு.

எப்போ திரும்பி வருவீங்க?

ஸ்கூலைப் பத்தி விசாரிக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல பேசி முடிவு பண்ண வேண்டிய கேள்வி இதுதான். வளைகுடாவில் நம்ம இருப்பு பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனா விசாவும் போகும். சில மாதங்கள்ல ஊர் திரும்ப வேண்டி வரலாம். அப்போ பிள்ளை எந்த வகுப்புல இருக்கும்?

5-ம் வகுப்புல இருந்தா பெரிய கவலை இல்லை, எந்தப் பாடத்திட்டத்தில் இருந்து வந்தாலும் இங்கே சேர்த்துடலாம். சிக்கல் 9-ம் வகுப்புல ஆரம்பிக்குது. சிபிஎஸ்இ-யில் 9, 10 ஒரு ஜோடி. 11, 12 இன்னொரு ஜோடி. நேரடியா 10-லோ 12-லோ யாரையும் எளிதா சேர்த்துக்க மாட்டாங்க. பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணங்களைக் காட்டி போர்டு அனுமதி வாங்கணும். துபாயில் சிபிஎஸ்இ படிச்ச பிள்ளை சென்னையில் சிபிஎஸ்இ-க்கு மாறினா, இந்த அனுமதியோட வேலை முடிஞ்சது, பாடம் அதேதான்.

பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் ஐஜிசிஎஸ்இ-யும் பொதுவா 2 வருஷ படிப்பு. அதுல பாதியில் திரும்பினா, இங்கே அதே பாடத்திட்டம் உள்ள பள்ளியைத் தேடணும். அது பெரிய நகரங்கள்லதான் கிடைக்கும், கட்டணமும் அதிகம். இல்லைன்னா ஒரு வருஷம் பின்னால போகணும்.

பிளஸ் 2-வுக்குப் பிறகு இந்தியாவில் கல்லூரி என்ற எண்ணம் இருந்தா இன்னும் கவனம் தேவை. நீட் எழுத மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருக்கணும். ஐபி டிப்ளமோவின் வழக்கமான பாட அமைப்பில் 3 அறிவியல் பாடங்களை ஒண்ணா எடுக்க முடியாது, தனி அனுமதி கேட்கணும். 'பிள்ளை டாக்டர் ஆகணும்'னு நினைக்கிற வீட்டுல இது தெரியாம ஐபி-யில் சேர்த்துட்டு, 11-ல் வந்து முழிக்கிறது தேவையா?

அதே நேரம், மேற்படிப்பும் வெளிநாட்டுலதான், பத்து வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வரப்போறதில்லைன்னு உறுதியா இருக்கிறவங்களுக்கு பிரிட்டிஷ், ஐபி நல்ல தேர்வுகள்தான். 'பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தார்' என்பது மட்டும் காரணமா இருக்க வேண்டாம்.

இந்தியும் அரபியும்

தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் கடைசி நேரத்தில் கண்டுபிடிக்கிற சிக்கல் இது. ஸ்டேட் போர்டுல தமிழ், ஆங்கிலம் மட்டும் படிச்ச 6-ம் வகுப்புப் பிள்ளை, துபாயில் ஒரு இந்தியப் பள்ளியில் சேருது. இரண்டாம் மொழி இந்தின்னா, வகுப்புல மத்தவங்க கட்டுரை எழுதும்போது நம்ம பிள்ளை எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கும். அது போதாதுன்னு, அங்குள்ள தனியார் பள்ளிகளில் அரபு அல்லாத மாணவர்களுக்கும் 1 முதல் 9-ம் வகுப்பு வரை அரபி கட்டாயம். புது ஊர், புது நண்பர்கள், கூடவே 2 புது எழுத்து முறைகள்!

அட்மிஷனுக்கு முன்னாடியே கேளுங்க: இரண்டாம் மொழியா தமிழ் இருக்கா? இல்லைன்னா பிரெஞ்சு இருக்கா? புதுசா இந்தி தொடங்குற பிள்ளைகளுக்கு தனி வகுப்பு உண்டா? சிபிஎஸ்இ-யில் தமிழும் ஒரு பாடம்தான். ஆனா ஆசிரியரை நியமிச்சு அதை நடத்துறதா வேண்டாமான்னு அந்தந்தப் பள்ளிதான் முடிவு செய்யும். தமிழ் கிடைக்கலைன்னா, தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் அயலகப் பிள்ளைகளுக்காக நடத்தும் படிப்புகள் இருக்கு.

ஃபீஸ் எவ்வளவு?

வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். சில இந்தியப் பள்ளிகளில் வருஷத்துக்கு 10 ஆயிரம் திர்ஹாமுக்குள்ள முடிஞ்சுடும். உயர்நிலை பிரிட்டிஷ், ஐபி பள்ளிகள் சிலவற்றில் 1 லட்சம் திர்ஹாமைத் தாண்டும். நம்ம பணத்துல சுமார் 24 லட்சம் ரூபாய். பஸ், யூனிஃபார்ம், புத்தகம் தனி.

கம்பெனி கல்விப்படி தருதுன்னா, எத்தனை பிள்ளைகளுக்கு, பஸ் கட்டணமும் சேர்த்தா, உச்சவரம்பு என்னன்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடும் முன்பே கேட்டுடுங்க. அந்தப் படி நின்னா சொந்தச் சம்பளத்துல அதே பள்ளியைத் தொடர முடியுமான்னும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கேஹெச்டிஏ என்ற அரசு அமைப்பு. ஒவ்வொரு பள்ளியின் கட்டண விவரத்தையும் ஆய்வு அறிக்கையையும் அதன் இணையதளத்துல பார்க்கலாம். 'மிகச்சிறப்பு' முதல் 'மிக மோசம்' வரை 6 நிலைகள். ரேட்டிங்கோட அது எந்த வருஷத்து ரேட்டிங்னும் பாருங்க, ஏன்னா 2024-25 கல்வியாண்டில் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வு நடக்கலை. மொத்த ரேட்டிங்கை மட்டும் பார்க்காம, உங்க பிள்ளையின் வகுப்புப் பிரிவுக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. தொடக்கப்பிரிவு நல்லா இருந்து மேல்பிரிவு சுமாரா இருக்கிற பள்ளிகளும் உண்டு. (அபுதாபி, ஷார்ஜாவுக்கு கண்காணிப்பு அமைப்புகள் வேறு.)

வாடகை குறைவுன்னு ஷார்ஜாவில் வீடு பிடிக்கிறவங்க, காலை நேர டிராஃபிக்ல பிள்ளை பஸ்ல எவ்வளவு நேரம் உட்காரணும்னு பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

ஏப்ரலா? ஆகஸ்டா?

அங்குள்ள இந்தியப் பள்ளிகளுக்கு கல்வியாண்டு ஏப்ரல்ல தொடங்கும். பிரிட்டிஷ், அமெரிக்கன், ஐபி பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில். ஜூலை, ஆகஸ்ட் எல்லாருக்கும் கோடை விடுமுறை. ஏப்ரலைத் தவறவிட்டவங்க, இந்தியப் பள்ளியில் விடுமுறை முடிஞ்சு திறக்கும்போது இடம் இருக்கான்னு கேட்கலாம்.

இன்னொன்று, பிரிட்டிஷ் பள்ளியில் 'இயர் 7'னு சொன்னா டபுள் புரமோஷன்னு சந்தோஷப்பட வேண்டாம். அது நம்ம 6-ம் வகுப்பு!

கிளம்பும்போது டிசி-யை வாங்கி பையில வெச்சா மட்டும் போதாது. இந்தியப் பள்ளி டிசி-க்கு கல்வித்துறை, வெளியுறவுத்துறை, தூதரகம் என பல சான்றொப்பங்கள் கேட்கப்படலாம். உங்க பிள்ளையின் வகுப்புக்கு எதெல்லாம் வேணும்னு துபாய் பள்ளியிடமே மெயில்ல கேட்டு வாங்கிக்கோங்க. அங்கே போன பிறகு விடுபட்ட ஒரு முத்திரைக்காக ஊர்ல இருக்கிற தாத்தாவை கல்வி அலுவலகத்துக்கு அலையவிடுற நிலை வரும்.